அந்த ஆறு நகரங்களுக்குப் பெயர் வைக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

1980இல் வந்த ‘மிஸைல் கமாண்ட்’ ஆர்கேட் ஆட்டத்தை, இன்றைய உத்தி சாகச விளையாட்டாகப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறேன். வானிலிருந்து கோடுகளாக இறங்கும் எதிரி ஏவுகணைகளை, மூன்று தளங்களிலிருந்து ஏவுகணை விட்டுத் தடுத்து, கீழே உள்ள ஆறு நகரங்களைக் காக்கும் ஆட்டம் அது. ஆறு நகரங்களுக்கும் பெயர், வரலாறு, தலைவர் என்று ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். நகரங்களைப் பலப்படுத்திக்கொண்டே போய், கடைசியில் எதிரியின் கோட்டையைப் பிடிக்கலாம். ஆட்டம் முறைவைத்து நடக்கட்டுமா, நிற்காமல் ஓடட்டுமா? அதில்தான் குழப்பம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பத்து நாளாக இதே ஆட்டம்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முறைவைத்தா, ஓடவிட்டா என்பதற்கெல்லாம் என்னைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரு வாரம் ஆடிப் பாருங்கள், உங்கள் கையே சொல்லிவிடும். கோட்டையை மட்டும் தூக்கிப் போடுங்கள். அடாரி நிறுவனத்தில் இதை உருவாக்கிய டேவ் தியூரர், ஆடுபவர் காக்க மட்டுமே வேண்டும், யாரையும் தாக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அணுகுண்டு விழும் கனவுகள் அவர் தூக்கத்தையே கெடுத்தன. அந்தப் பயத்தில் பிறந்த ஆட்டத்துக்கு வெற்றி விழா எதற்கு?

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அந்த ஆறும் கலிபோர்னியா நகரங்களாகத்தான் இருந்தன. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ் எல்லாம் அதில் உண்டு. பிறகு பெயர்களை எடுத்துவிட்டார்கள். திரையின் அடியில் ஆறு சின்னக் கட்டடக் குவியல்கள் மட்டும் மிஞ்சின.

என் தங்கைக்கு அப்போது ஆறு வயது. நான் ஆட்டப் பெட்டியில் பதித்த பந்தை உருட்டிக் குறிவைப்பேன், அவள் பக்கத்தில் ஸ்டூல் மேல் நின்று பார்ப்பாள். யாரும் சொல்லித்தராமல் அவளே பெயர் வைத்தாள். இடதுகோடி பாட்டி, அடுத்து அம்மா, அப்பா. நடுத்தளத்துக்கு அந்தப் பக்கம் நான், அவள், கடைசியில் எங்கள் பூனை. ஒருநாள் இடது தளம் அடிபட்டு, அதிலிருந்த ஏவுகணைகள் மொத்தமாகப் போயின. வலது தளமும் காலி. நடுவில் இரண்டே இரண்டு மிச்சம். மேலிருந்து மூன்று கோடுகள் இறங்குகின்றன: பாட்டிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. யோசிக்க நேரமில்லை. அப்பாவையும் அவளையும் காப்பாற்றினேன். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி, “பாட்டிய ஏன் விட்ட?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பாட்டி இருந்த இடத்தில்தான் நீங்கள் உங்கள் தலைவரின் வரலாற்றைக் கொண்டுவந்து அடைத்திருக்கிறீர்கள்! பன்னிரண்டு பக்கம் எழுதிய உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆடுபவருக்கு நீங்கள் ஒரு வெற்றிடம்கூட விட்டுவைக்கவில்லை. அவருக்கும் ஒரு பாட்டி இருப்பார் என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?

பலப்படுத்துவதும் அப்படித்தான். மூன்று தளம், தளத்துக்குப் பத்து, ஆக ஒரு சுற்றுக்கு முப்பது ஏவுகணை. சுற்று முடிந்ததும் மிச்சமுள்ள ஏவுகணைகளை இயந்திரம் ஒவ்வொன்றாக எண்ணும், தொடக்கச் சுற்றுகளில் ஒன்றுக்கு 5 புள்ளி. அப்புறம் நின்றுகொண்டிருக்கும் நகரங்களை எண்ணும், ஒன்றுக்கு 100. வழக்கமான அமைப்பில் 10,000 புள்ளிக்கு ஒரு நகரம் திரும்பக் கிடைக்கும். இப்போது ஒன்றை விட்டால் பிறகு மீட்க முடியுமா என்ற கணக்கு அப்போதே உள்ளே இருந்தது. நீங்கள் தேடும் உத்தி அந்தப் பற்றாக்குறைதான். கவசம், லேசர் என்று அள்ளிக் கொடுத்தால் எல்லாரையும் காப்பாற்றிவிடலாம், யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்காது.

முதலில் ஒரே ஒரு சுற்றைச் செய்யுங்கள். கையில் ஐந்து ஏவுகணை, வானத்தில் ஏழு கோடு, கீழே பெயரில்லாத ஆறு நகரங்கள். எனக்கு அனுப்புங்கள். தங்கையையும் ஆடச் சொல்கிறேன்.