செகண்ட் லுக் போக வேண்டுமா?

அன்புள்ள சார்,

மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இப்போது நியூ ஜெர்சியில் சித்தி வீட்டில் இருக்கிறேன். இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே பெறும் மேல்பயிற்சிக்கு, நான்கு நேர்காணல்கள் கிடைத்தன. நான்கும் ஜூமில். இரண்டு மருத்துவமனைகள் 'செகண்ட் லுக்' என்று பிப்ரவரியில் நேரில் வந்து பார்க்க அழைத்திருக்கின்றன. ஒன்று பஸ்ஸில் போகிற தூரம். இன்னொன்று மிச்சிகனில். விமானம், தங்கும் செலவு என்று அப்பாவிடம் மறுபடி பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. போகாவிட்டால் ஆர்வம் இல்லை என்று நினைத்துவிடுவார்களோ?

ம.

அன்புள்ள ம.,

அந்தப் பயத்துக்காக மட்டும் போகாதீர்கள். நீங்களும் மருத்துவமனைகளும் தத்தம் விருப்பப் பட்டியலை எழுதிக் கொடுக்க, கணினி இரண்டையும் பொருத்துவதுதான் மேட்ச். அதை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பின் நடத்தை நெறிப்படி, இரண்டாம் முறை வரச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. வந்தால் பட்டியலில் இடம் உயரும் என்று சாடை காட்டவும் கூடாது. நெறி அப்படி, மனித மனம் வேறு மாதிரி என்பீர்கள். சரி, 'உங்கள் பட்டியலை அதற்கு முன்பே முடித்துவிடுவீர்களா' என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள். அப்படிச் செய்கிற இடங்கள் இருக்கின்றன.

நான் விண்ணப்பித்த காலத்தில் எல்லாமே நேரில்தான். 2020இல் கொரோனா வந்த பிறகுதான் இந்த ஜூம். ஒரு மருத்துவமனையில் நேர்காணலன்று நல்ல சாப்பாடு, ஒரே சிரிப்பு. அதையே முதலில் எழுதுவதாக இருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு நாள் மாலையில் போனேன். ரெசிடென்ட் அறையில் சைன் அவுட், அதாவது பகல் ஆட்கள் இரவு ஆட்களிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் நேரம். ஒரு இன்டர்ன் பெண், அதாவது முதல் வருட ரெசிடென்ட், கசங்கிய தாளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகிறாள். இரவு சீனியர் பேஜரை நோண்டியபடி 'அடுத்தது, அடுத்தது' என்கிறார். ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் 6.1 என்றாள், ஆபத்தான அளவு. அதற்கும் 'அடுத்தது'தான். அவள் திரும்பச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டவள் முகம் அது. அந்த இடம் என் பட்டியலில் கடைசிக்குப் போனது.

இதைத்தான் நேரில் பார்க்க முடியும். ஜே-1 விசாவா, எச்-1பி தருவார்களா என்பதற்கெல்லாம் ஒரு மின்னஞ்சல் போதும்.

இன்று ராத்திரியே நான்கையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். மிச்சிகன் எப்படிப் பார்த்தாலும் மூன்றாவது, நான்காவது என்றால் அப்பா பணம் மிச்சம். முதல் இடத்துக்குப் போட்டி என்றால் கூச்சத்தை விட்டுக் கேளுங்கள், மூன்று வருட வாழ்க்கை. அப்புறம், 'அவர்கள் என்னை எங்கே வைத்திருப்பார்கள்' என்று ஊகித்து வரிசையை மாற்றாதீர்கள். மேட்ச் கணக்கு உங்கள் முதல் விருப்பத்திலிருந்துதான் தொடங்கும். அது முடியாவிட்டால்தான் அடுத்ததற்கு இறங்கும். 1998இல் அதை இப்படித் திருத்தியமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நம் ஊகம் அவர் கணக்கை ஜெயிக்காது.

பஸ் தூரத்தில் இருப்பதற்குப் போய்விட்டு வாருங்கள். மாலை வரை இருக்க விடுவார்களா என்று கேளுங்கள். டைரக்டர் இல்லாத நேரத்தில் ஒரு இன்டர்னிடம், 'நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்' என்று கேளுங்கள். வாரம் 80 மணி நேரம்தான் என்ற விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள். நேற்றைய நேரத்தை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

மிச்சிகன் போவதானால் பனி பூட்ஸைச் சித்தியிடம் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்காகப் புதிது வேண்டாம்.