நீரேற்று மின் நிலையத்தின் உரிமம் புதுப்பிக்கப்படும்போது நாம் எங்கே பேசலாம்? – கேள்வி பதில்

அமெரிக்காவில் ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் குடியிருக்கும் நம்மவர்கள் சிலருக்கு, பக்கத்திலுள்ள நீரேற்று மின் நிலையத்தின் உரிமம் முடியப்போகிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அதையொட்டி நிறையக் கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை, மின்துறை ஆளும் இல்லை. அப்படி ஒரு நிலையம் தண்ணீர் எடுக்கும் ஆற்றின் கரையில் வீடு. அதன் உரிமப் புதுப்பிப்பில் முதல் கூட்டத்திலிருந்தே உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, முதலில் அடிப்படை. இது என்ன நிலையம்? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதற்கு எதற்கு மறுபடி உரிமம்?

மேலே ஒரு தேக்கம், கீழே ஒரு தேக்கம் அல்லது ஆறு. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைப்பார்கள். தேவை கூடும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரத்தில் சுமார் 70 முதல் 80 சதவீதம் திரும்பக் கிடைக்கும். சுருக்கமாக, இது ஒரு பெரிய பேட்டரி.

கூட்டரசுக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசுக்கு, சொந்தமில்லாத பெரும்பாலான புனல் மின் நிலையங்களும் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும். எல்லாரும் ஃபெர்க் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இதற்கு வேர் 1920-ல் வந்த சட்டம். ஆறு பொதுச்சொத்து, அதைப் பயன்படுத்தும் அனுமதிக்குக் காலவரம்பு உண்டு என்பதுதான் அதன் அடிப்படை. முதல் உரிமம் 50 ஆண்டு வரை போகலாம், புதுப்பித்தால் 30 முதல் 50 ஆண்டு. 1960களிலும் 70களிலும் கட்டிய நிலையங்கள் பலவற்றுக்கு இப்போது அந்த முறை வந்திருக்கிறது. இந்தத் தடவை தவறவிட்டால் அடுத்த தடவை பேசப்போவது நம் பேரப்பிள்ளைகள்தான்.

கேள்வி: உரிமம் முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. கடைசியில் ஒரு கடிதம் போட்டால் போதாதா?

போதாது. நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உரிமம் முடிய ஐந்து, ஐந்தரை ஆண்டு இருக்கும்போதே நிறுவனம் புதுப்பிக்கும் எண்ணத்தை அறிவித்து, ஒரு முன்விண்ணப்ப ஆவணத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். நிலையம் எப்படி ஓடுகிறது, ஆற்றைப் பற்றி என்னென்ன தரவு கையில் இருக்கிறது எல்லாம் அதில் இருக்கும். பிறகு ஃபெர்க் ஸ்கோப்பிங் ஆவணம் ஒன்றை வெளியிடும். எந்தெந்தப் பிரச்சினைகளை ஆராயப்போகிறோம் என்ற பட்டியல் அது. அதையொட்டிப் பொதுக்கூட்டம் நடக்கும், இடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். கருத்து சொல்லவும் ஆய்வு கோரவும் 60 நாள் அவகாசம் தருவார்கள்.

அந்த 60 நாள்தான் பொன்னான நேரம். எதை அளக்க வேண்டும் என்று முடிவாவது அப்போதுதான். அதன்பின் ஓரிரு ஆண்டு ஆய்வு நடக்கும். உரிமம் முடிய இரண்டு ஆண்டுக்கு முன்பே முழு விண்ணப்பம் போய்விட வேண்டும். கடைசியில் நீங்கள் வந்து "கரை அரிக்கிறது" என்றால், "ஆய்வில் அப்படி எதுவும் வரவில்லையே" என்பார்கள். ஆய்வே நடக்காதபோது அதில் எப்படி வரும்?

உங்களுக்கு நாலு வருஷம் இருக்கிறது என்றால் ஆய்வுகள் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். முதல் ஆய்வறிக்கை வந்ததும் அதை வரி விடாமல் படியுங்கள். ஒப்புக்கொண்டபடி ஆய்வு நடக்கவில்லை என்றாலோ, அந்த வருஷம் வழக்கத்துக்கு மாறாக இருந்தது என்றாலோ, திருத்தம் கேட்க அப்போது வழி உண்டு. புதிதாக ஓர் ஆய்வு கேட்பதும் முடியும், ஆனால் காரணத்தை வலுவாகக் காட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஆற்றங்கரை வருஷா வருஷம் சரிகிறது. நிறுவனத்துக்காரர்கள் வெள்ளத்தால் என்கிறார்கள். எப்படி எழுதுவது?

எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அதனால் நான் செய்ததைச் சொல்கிறேன்.

கரை விளிம்பிலிருந்து பன்னிரண்டு அடி உள்ளே, மேப்பிள் மரத்தடியில் ஓர் இரும்புக் கம்பியை அடித்தேன். மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, கம்பியிலிருந்து விளிம்பு வரை டேப்பை நீட்டி, எண் தெரிகிற மாதிரி ஒரு படம். கூடவே ஒரு நோட்டு. தேதி, நேரம், தண்ணீர் எந்தக் கல் வரை நிற்கிறது, மழை பெய்ததா, இவ்வளவுதான் எழுதுவேன். மூன்றாம் வருஷம் பன்னிரண்டு அடி ஒன்பதரை ஆகியிருந்தது. மழையே இல்லாத ஒரு வாரத்தில், காலையில் ஈரமாக மின்னிய சேறு மாலையில் தண்ணீருக்குள் போய், மறுநாள் காலை மறுபடி வெளியே வந்தது. அந்த ஏற்ற இறக்கத்தை எழுதி வைத்ததுதான் கடைசியில் கைகொடுத்தது.

ஆய்வுக் கோரிக்கைக்கு ஃபெர்க் ஏழு அளவுகோல் வைத்திருக்கிறது. ஆய்வின் நோக்கம், பொதுநலன், ஏற்கெனவே உள்ள தகவலும் அதில் உள்ள குறையும், ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வுமுறை, உழைப்பும் செலவும் என்று போகும். அவற்றில் உயிரானது ஒன்று: நிலையம் ஓடும் விதத்துக்கும் நீங்கள் சொல்லும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பு. "கரை சரிகிறது" என்பது புகார். "வெள்ளமே இல்லாத நாளில், தண்ணீர் ஏற்றும் நேரத்தில் ஆறு இத்தனை அடி இறங்குகிறது, இறங்கிய பிறகு ஈரமண் சரிகிறது, அதை அளக்க வேண்டும்" என்பது ஆய்வுக் கோரிக்கை.

மாசசூசெட்ஸில் கனெக்டிகட் ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் நார்த்ஃபீல்ட் மவுன்டன் நிலையத்தின் புதுப்பிப்பிலும் கரை அரிப்பு பல ஆண்டுப் பெரிய விவாதம். ஆகவே நீங்கள் சொல்வது புதுசு இல்லை, தனியாகவும் இல்லை. ஆனால் நஷ்டஈடு வேண்டும் என்றால் ஃபெர்க் தராது, அதற்கு நீதிமன்றம்தான். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

கேள்வி: நான் வார இறுதியில் மீன்பிடிப்பவன். பம்ப் மீனை இழுத்துக் கொல்கிறது என்று கேள்விப்பட்டேன். இதற்கெல்லாம் ஏதாவது செய்வார்களா?

செய்ய வைத்திருக்கிறார்கள், தம்பி. மிச்சிகன் ஏரிக்கரையில் 1973-ல் வந்த லடிங்டன் நிலையத்தில் இதே பிரச்சினை இருந்தது. மாநில அரசும் மீன், வனவிலங்கு அமைப்புகளும் வழக்கு வரைக்கும் போனார்கள். 1989 முதல் வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை, நிலையத்தின் வாயைச் சுற்றி ஏரிக்குள் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு வலை போடுகிறார்கள். நார்த்ஃபீல்டிலும் தண்ணீர் எடுக்கும் இடத்தில் தடுப்பு வலை போடுவது 2023-ல் எழுதிய உடன்பாட்டில் இருக்கிறது.

சட்டத்தில் மீனுக்குத் தனிக் கதவுகளே உண்டு. மீன் கடந்துபோகும் வழி அமைக்கச் சொல்லிக் கூட்டரசின் மீன்வளத் துறைகள் உத்தரவு போட்டால், ஃபெர்க் அதை உரிமத்தில் சேர்த்தே ஆக வேண்டும். மாநில வனவிலங்குத் துறையின் பரிந்துரைகளுக்கும் கனமான இடம் இருக்கிறது. அதனால் ஃபெர்க்குக்கு எழுதுவதோடு நிறுத்தாமல், உங்கள் மாநிலத் துறையில் இந்தக் கோப்பைப் பார்க்கும் உயிரியலாளருக்கும் எழுதுங்கள். எந்த மாதத்தில், எந்தத் திருப்பத்தில், என்ன மீன் கிடைக்கிறது என்று இருபது வருஷமாக அங்கே தூண்டில் போடுபவருக்குத் தெரிந்தது பல சமயம் அவர்கள் கையில் இருப்பதில்லை.

கேள்வி: நான் ஹெச்1பி-யில் இருக்கிறேன். குடியுரிமை இல்லாதவர் பேசலாமா? பிரச்சினை வருமா?

கருத்து சொல்வதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. யாரும் சொல்லலாம். ஃபெர்க் இணையதளத்தில் கணக்கே தொடங்காமல் இ-காமென்ட் என்ற வசதி வழியாக 6,000 எழுத்து வரை அனுப்பலாம். பெயரும் மின்னஞ்சலும் திட்டத்தின் டாக்கெட் எண்ணும், அதாவது கோப்பு எண்ணும், வேண்டும். "பி" என்று தொடங்கும் அந்த எண் உங்களுக்கு வந்த அறிவிப்பிலேயே இருக்கும். ஒன்று மட்டும் கவனம். நீங்கள் எழுதுவது அப்படியே பொதுப்பதிவில் ஏறும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஃபோன் நம்பர் போன்றவற்றை உள்ளே எழுதாதீர்கள்.

கேள்வி: அம்மாவும் கூட்டத்தில் பேச ஆசைப்படுகிறார். அவருக்கு ஆங்கிலம் தடுமாறும்.

கட்டாயம் கூட்டிப் போங்கள் அக்கா. எங்கள் கூட்டத்தில் மேடை ஓரத்தில் ஒருவர் சிறிய தட்டச்சுக் கருவியோடு உட்கார்ந்து, பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்துகொண்டிருந்தார். பேச வருபவர் முதலில் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். என் பெயரில் பதினான்கு எழுத்து. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுமையாகத் தலையசைத்துக்கொண்டே அடித்தார். சில வாரம் கழித்து அந்தப் பதிவில் என் பெயரைச் சரியாகப் பார்த்தபோது, இந்த ஆற்றில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது.

அம்மா சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர் தமிழில் இரண்டு வரி சொல்லட்டும், மீதியை நீங்கள் வாசியுங்கள். வாசித்த தாளையும் டாக்கெட்டில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கருத்து சொல்வதற்கும் இன்டர்வீனர் ஆவதற்கும் என்ன வித்தியாசம்?

கருத்து சொன்னால் உங்கள் பேச்சு பதிவில் இருக்கும். இன்டர்வீனர் ஆனால் நீங்களே வழக்கில் ஒரு தரப்பு. ஃபெர்க் உரிமம் கொடுத்த பிறகு அதை எதிர்த்து மறுவிசாரணை கேட்க, அதற்குப் பிறகு நீதிமன்றம் போக, தரப்பாக இருந்தால்தான் முடியும். மறுவிசாரணை கேட்க, உரிம உத்தரவு வந்த நாளிலிருந்து 30 நாள்தான், ஒரு நாள்கூட நீட்டிக்க மாட்டார்கள்.

கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்கள் யார், இந்தத் திட்டம் உங்களை எப்படித் தொடுகிறது என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். ஆனால் இதற்குரிய நாள் விண்ணப்பம் போன பிறகு வரும் அறிவிப்பில்தான் இருக்கும். ஆரம்பத்தில் எழுதிய கருத்துகளே போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஆறு வருஷம் எல்லாக் கூட்டத்துக்கும் வந்த ஒரு பெரியவர் அந்த ஒரு தேதியை விட்டுவிட்டார். தாமதமாகக் கேட்டால் தக்க காரணம் காட்ட வேண்டும், அவருடைய காரணத்தை ஏற்கவில்லை. அவரளவுக்கு அந்த ஆற்றைத் தெரிந்தவர் யாரும் இல்லை. இன்றைக்கும் மனசுக்கு வேதனைதான். ஃபெர்க் தளத்தின் இ-சப்ஸ்கிரிப்ஷனில் டாக்கெட் எண்ணைப் பதிந்துவிட்டால் ஒவ்வொரு தாக்கலும் மின்னஞ்சலில் வரும். இன்றே செய்யுங்கள்.

கேள்வி: உரிமம் முடிந்தே போய்விட்டது, நிலையம் இன்னும் ஓடுகிறதே?

ஆண்டுக்காண்டு உரிமம் தானாக வரும், பழைய நிபந்தனைகளோடு. நார்த்ஃபீல்ட் உரிமம் 2018 ஏப்ரலில் முடிந்தது, அப்புறமும் பல வருஷம் இப்படித்தான் ஓடியது. இழுத்தடித்தால் ஆற்றுக்குத்தான் நஷ்டம், புது நிபந்தனை எதுவும் அமலுக்கு வராது.

கேள்வி: மாநில அரசுக்கு இதில் பிடி இருக்கிறதா?

நல்ல பிடி. தூய நீர்ச் சட்டத்தின் 401-ஆம் பிரிவுப்படி, மாநிலம் தண்ணீர்த் தரச் சான்று கொடுக்காமல், அல்லது அந்த உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஃபெர்க் உரிமம் தர முடியாது. சான்றில் போடும் நிபந்தனை உரிமத்திலும் ஏறும். மாநிலம் அதற்குத் தனியாகக் கருத்து கேட்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மேல்தேக்கம் உடைந்தால்? எங்கள் வீடு நேர் கீழே.

பயம் நியாயமானது. மிசௌரியில் டாம் சாக் நிலையத்தின் மேல்தேக்கம் 2005 டிசம்பர் 14 அதிகாலை நிரம்பி வழிந்து உடைந்தது. நீர்மட்டம் காட்டும் கருவிகள் சரியாக வேலை செய்யவில்லை, பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. கீழே இருந்த பூங்காக் கண்காணிப்பாளரின் குடும்பத்தைத் தண்ணீர் அடித்துப் போனது. நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். அணைப் பாதுகாப்பை ஃபெர்க் உரிமத்துக்கு வெளியேயும் தொடர்ந்து கண்காணிக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது, அவசரத் திட்டத்தில் உங்கள் தெரு இருக்கிறதா, எச்சரிக்கை எப்படி வரும் என்பது. மாவட்டத்தின் அவசரநிலை அலுவலகத்திலும் கேளுங்கள்.

கேள்வி: சார், உண்மையைச் சொல்லுங்கள். இதை நிறுத்த முடியுமா?

உரிமத்தை மறுக்கும் அதிகாரம் ஃபெர்க்குக்கு இருக்கிறது. மெய்னில் எட்வர்ட்ஸ் அணைக்கு 1997-ல் மறுத்தார்கள், 1999-ல் அணையே போனது. ஆனால் அது சிறிய அணை. சூரிய மின்சாரம் பெருகும் காலத்தில் நீரேற்று நிலையத்தை மூடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, மூட வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. பேச்சு எல்லாம் எப்படி ஓட வேண்டும் என்பதைப் பற்றித்தான். முன்பு இரவில் ஏற்றியதை இப்போது வெயில் நேரத்தில் ஏற்றும் நாட்கள் கூடுகின்றன. அப்படியானால் படகும் குழந்தைகளும் ஆற்றில் இருக்கும் நேரத்தில் நீர்மட்டம் மாறுகிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தரவு இதற்கு உதவாது, புதிதாக அளக்கச் சொல்லுங்கள்.

இப்படி நாமெல்லாம் பேச முடிவதற்கே ஒரு நீரேற்றுத் திட்டம்தான் காரணம். ஹட்சன் ஆற்றங்கரையில் ஸ்டார்ம் கிங் மலையில் 1960களில் ஒன்று கட்ட உரிமம் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போக, 1965-ல் நீதிமன்றம் அந்த உரிமத்தை ரத்து செய்தது. மலையின் அழகையும் மீனையும் பற்றிக் கவலைப்படும் மக்களுக்கும் வழக்காடும் உரிமை உண்டு, ஆணையம் தானாகவே அவற்றை ஆராய வேண்டும் என்றது. 1980-ல் உடன்பாடு வந்து திட்டமே கைவிடப்பட்டது.

கேள்வி: எனக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது. என்ன எழுதட்டும்?

சரி, இதை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் விவரத்தைப் போட்டு ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம்:

"நான் இந்த ஆற்றின் கிழக்குக் கரையில், நிலையத்துக்கு இரண்டு மைல் மேலே பதினொரு வருஷமாக இருக்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மழையில்லாத நாட்களில், காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் இடையில் தண்ணீர் என் படகுத்துறையின் மூன்றாம் படியிலிருந்து ஆறாம் படிக்கு இறங்குகிறது. தேதியோடு படங்கள் இணைத்திருக்கிறேன். ஏற்றும் நேரத்துக்கும் இந்த இறக்கத்துக்கும் உள்ள தொடர்பை மணிக்கு மணி அளந்து, கரையிலும் மீன் முட்டையிடும் இடங்களிலும் அதன் விளைவை ஆராயக் கேட்டுக்கொள்கிறேன்."

படியை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை.