பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு கொப்பி

கேள்வி: எனக்கு 22 வயது. வேலைக்குப் போகிறேன். ஐந்து மாதமாக இணையத்தில் 'ஹாட்ரிக்' என்ற உதைபந்தாட்ட முகாமைத்துவ விளையாட்டில் ஓர் அணியை நடத்துகிறேன். மேல் பிரிவில் அணி வைத்திருக்கும் ஒரு பெரியவர், "இளம் வீரர்களை வாங்கி ஒரே திறனில் பயிற்று, தோற்றாலும் கவலைப்படாதே" என்கிறார். கூட வேலை செய்யும் நண்பன், "வயதான வீரர்களை மலிவாக வாங்கி இப்போதே வெல்" என்கிறான். யூடியூப் காணொளிகளில் மைதானத்தை முதலில் பெரிதாக்கச் சொல்கிறார்கள். மூன்றையும் செய்து பார்த்தேன். அணி கடைசி இடத்தில் நிற்கிறது, காசும் கரைந்துவிட்டது. தொடக்கத்தில் 13 வயதுத் தம்பியும் பக்கத்தில் இருந்து, வாராவாரம் கொப்பியில் ஏதோ எழுதுவான். கவனம் சிதறுவதால் இப்போது கதவைப் பூட்டிக்கொண்டு விளையாடுகிறேன். 18 வயது நடுக்கள வீரன் ஒருவனை விற்றதிலிருந்து தம்பி என்னுடன் பேசுவதில்லை. அப்பா கத்தாரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பேசும்போது அணியைப் பற்றிக் கேட்பார், ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். நான் யாருடைய ஆலோசனையைக் கேட்பது?
— வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: அந்தக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது, மகன்?

பெரியவர் சொன்னதை விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். நண்பன் சொன்னதும் காணொளி சொன்னதும் கடிதத்தில் இருக்கின்றன. உங்கள் அணியை முதல் வாரத்திலிருந்து கண்ணால் பார்த்தவன் ஒரே ஒருவன். அவன் எழுதியது மட்டும் உங்களுக்கு "ஏதோ". அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

அவன் என்ன எழுதியிருப்பான் என்பதை ஓரளவு என்னால் சொல்ல முடியும். ஹாட்ரிக்கில் ஓர் அணி ஒரு வாரத்தில் ஒரு வகைப் பயிற்சிதான் எடுக்கலாம். அந்தப் பயிற்சிக்கு உரிய இடத்தில் அந்த வாரம் ஆடியவனுக்கே அதன் முழுப் பலன் போய்ச் சேரும். ஏகாம்பரம் மைதானத்தில் பந்து பழகிய எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும்: வெளியே உட்கார்ந்திருந்தால் கால் பழகாது. இளையவனுக்குத் திறன் வேகமாக ஏறும், வயது ஏற ஏற அந்த வேகம் குறையும். இந்த வாரம் யார் எந்த இடத்தில் ஆடினான், யாருக்குத் திறன் ஒரு படி ஏறியது, யார் காயப்பட்டான் என்று குறித்துவைப்பதுதான் அங்கே முகாமையாளரின் வேலை. நீங்கள் செய்யவேண்டிய அந்த வேலையை 13 வயதுப் பிள்ளை செய்திருக்கிறான். நீங்கள் கதவைப் பூட்டியிருக்கிறீர்கள்.

விற்ற பையனைப் பற்றியும் பேசவேண்டும். 18 வயது, நடுக்களம். பெரியவரின் வழியில் போவதென்றால் கடைசிவரை வைத்திருக்கவேண்டியவனே அவன்தான். நண்பன் சொன்ன வயதான வீரர்களை வாங்கக் காசு வேண்டும் என்று அவனை ஏலத்தில் போட்டிருப்பீர்கள். அங்கே ஏலத்தில் போட்டால் திருப்பி எடுக்க முடியாது. மூன்று நாள் ஓடி முடியும். அந்த மூன்று நாளும் உங்கள் தம்பி அதே வீட்டில்தான் இருந்தான். ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வழியில் மூன்றும் சரி. மூன்றையும் ஒரே அணிக்குள் திணித்ததுதான் அழிவு. வயதானவனுக்குப் பயிற்சி மிக மெதுவாகத்தான் ஏறும், ஆகவே பெரியவர் சொன்ன பயிற்சி வாரங்கள் அவன்மேல் வீணாகும். மைதானத்தில் கூட்டிய இருக்கைகளுக்கு வாராவாரம் பராமரிப்புச் செலவு உண்டு. கடைசி இடத்தில் நிற்கும் அணிக்குக் கூட்டம் வராமல் அந்தச் செலவு மட்டும் நிற்கும். வாங்கிய வீரனைச் சில நாளிலேயே விற்றால் முகவர் கட்டணமும் கூடுதலாகப் போகும். உங்கள் காசு கரைந்த வழி இதுதான்.

கொட்டியாரக்குடாவில் வலை போடப் போகிறவன், பெரிய கப்பல் ஓட்டுகிறவரிடம் வழி கேட்பதில்லை. நேற்று அதே தண்ணீரில் வலை இழுத்தவனிடம் கேட்கிறான். மேல் பிரிவுப் பெரியவர் மரியாதைக்குரியவர். ஆனால் உங்கள் அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லியிருக்கமாட்டீர்கள். நண்பன் உங்களைப் போலவே புதியவன். ஒரு மாதம் வென்றவன் பேச்சை ஒரு மாதத்துக்கு நம்பலாம். காணொளி என்றால் முதலில் அது வெளியான தேதியைப் பாருங்கள். இந்த விளையாட்டு 1997-இல் சுவீடனில் தொடங்கியது. விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. பழைய காணொளி பழைய விதிக்குத்தான் உதவும்.

யோசனை சொல்கிறவரிடம் நான் பார்ப்பது ஒன்றுதான்: சொன்னது பிழைத்துப்போனால் இவருக்கு ஏதாவது நட்டமா? பெரியவருக்கு இல்லை. நண்பனுக்கு இல்லை. காணொளிக்காரருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அந்த வீரன் போனபோது பேச்சை நிறுத்துமளவுக்கு நொந்தவன் உங்கள் தம்பி மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், பிடிக்காவிட்டாலும் கேளுங்கள். அப்பா கத்தாரில் இருக்கும் வீட்டில் மூத்த பிள்ளைதான் அப்பாவின் இடத்தில் நிற்கவேண்டும். 13 வயதுப் பிள்ளை கொப்பியும் பேனையுமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அதைத் தொல்லை என்று சொல்லக் கூடாது. அவனுக்கு அந்த வீட்டில் அண்ணனை விட்டால் போக வேறு இடம் இல்லை. முகம் தெரியாத மனிதர்களிடம் பணிந்து கேட்கத் தெரிந்த உங்களுக்கு, கூடப் பிறந்தவனிடம் கேட்க மட்டும் வெட்கமா? அப்பா வெயிலில் நின்று அனுப்பும் காசில் ஓடும் வீட்டில், தம்பியை வெளியே விட்டுக் கதவைப் பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பாவிடம் சமாளிப்பதும் சரியில்லை.

இன்றிரவு கதவைத் திறந்து அவனைக் கூப்பிடுங்கள். விற்றது பிழை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சுற்றிவளைக்க வேண்டாம். பிறகு கொப்பியை அவனே விரிக்கட்டும். திறன் ஏறியவர்களில் இன்னும் அணியில் இருப்பவர்கள் யார், 20 வயதுக்குக் கீழே யார் என்று இருவருமாகப் பாருங்கள். அவர்களுக்குப் பொருந்துகிற ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பருவம் 16 வாரம். அதுவரை பயிற்சியை மாற்றாதீர்கள், தோற்றாலும் மாற்றாதீர்கள். மைதானத்தில் கை வைக்க வேண்டாம். பெரியவருக்கு எழுதுங்கள், ஆனால் கொப்பியில் இருக்கும் விவரத்தோடு எழுதுங்கள். அவர் பதிலின் தரமே மாறும். அந்தக் கடிதத்தைத் தம்பி எழுதினால் இன்னும் நல்லது.

வெள்ளிக்கிழமை அப்பா கேட்கும்போது தொலைபேசியை அவனிடம் கொடுங்கள். அந்த 18 வயதுப் பையனை விற்ற கதையை அவனே சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசவேண்டாம்.