மாவுக்கட்டு பிரித்தாயிற்று, கை மடங்கவில்லை: 30 நாள் பேக்கேஜ் தேவையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. குழாயடியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆபரேஷன் இல்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு, போன வாரம் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. புறங்கை வீங்கியிருக்கிறது. உள்ளங்கையை மேல்பக்கம் திருப்ப முடியவில்லை. எண்ணெய் போட்டு உருவிவிடும் வைத்தியரிடம் போகச் சொல்கிறார் பெரியம்மா. ஒரு பிசியோதெரபி மையத்தில் 30 நாள் பேக்கேஜ் என்று முன்பணம் வாங்கிவிட்டார்கள். என்ன செய்வது?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். ஆறு வாரம் அசையாமல் கிடந்த கை கட்டு பிரித்த மறுநாளே மடங்கினால்தான் நான் ஆச்சரியப்படுவேன். எலும்பு ஒட்டுவதற்காகத்தான் மூட்டை அசையாமல் வைத்தோம். அந்த ஆறு வாரத்தில் மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கிவிடும். தசை மெலிந்துவிடும். விரலை மடக்கும் நரம்பு என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தசைநாண்கள் தங்கள் உறைக்குள் வழுக்கி ஓடுவதை நிறுத்திவிடும். கை தொங்கியபடி இருந்ததால் நீரும் கோத்துக்கொள்ளும். இவ்வளவும் திரும்பிவரக் கூடியவைதாம்.

உண்மையில் கட்டு போட்ட அன்றே விரல்களை மடக்கி நீட்டச் சொல்லியிருக்க வேண்டும். தோளையும் முழங்கையையும் அசைக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் ‘பிசியோ’ என்று ஒரே ஒரு வார்த்தை கிறுக்கியிருக்கும். எந்த மூட்டுக்கு, எத்தனை வேளை, எதுவரை என்று ஒரு வரியும் இருக்காது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தர 2021 டிசம்பரில் தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 48ஆவது நாள் கட்டைப் பிரித்துக்கொண்டு, மடங்காத கையோடு வீட்டுக்கு வருகிறவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் பெரியம்மா சொல்லும் வைத்தியரும் பேக்கேஜ்காரரும் கடை விரிக்கிறார்கள்.

எண்ணெய் விஷயம். எண்ணெயின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. கட்டுக்குள் கிடந்த தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். அம்மாவே தேங்காய் எண்ணெய் தொட்டு, விரல் நுனியிலிருந்து முழங்கை நோக்கி மெதுவாக நீவிக்கொள்ளட்டும், வீக்கம் வடியும். நான் வேண்டாம் என்பது அடுத்தவர் கையைப் பிடித்து இழுத்து, முறுக்கி, நெட்டி எடுப்பதை. கூடி ஆறேழு வாரமே ஆன எலும்பு அது. வலியில் கை தானாகவே இறுகும், வீக்கம் கூடும், அப்புறம் அம்மா யாரையும் கையைத் தொடவே விடமாட்டார். முழங்கையில் அடிபட்டவரை இப்படி உருவினால் நிலைமை இன்னும் மோசம். தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடும். அப்படிப் பூட்டிய முழங்கையோடு பள்ளிப் பிள்ளைகளை இன்றும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இனி பேக்கேஜ். தினமும் ஆட்டோ வைத்துப் போய், கரண்ட் பட்டையை ஒட்டிக்கொண்டு 15 நிமிடம், அல்ட்ராசவுண்ட் கருவியைத் தேய்த்து 5 நிமிடம், மெழுகு ஒத்தடம் 10 நிமிடம். கையை யாரும் மடக்கிப் பார்க்கவே மாட்டார்கள். இவை வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், விறைப்பைச் சற்றுத் தளர்த்தும். அவ்வளவுதான். மூட்டை மீட்பது அசைவு. அதை அம்மாதான் செய்ய வேண்டும், அதுவும் வீட்டில், நாளுக்குப் பல வேளை. பயிற்சி தெரிந்தவர் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பார்த்தால் போதும். வார்டில் கட்டிலருகே வந்து விசிட்டிங் கார்டு நீட்டுகிறவர் யார், அவருக்குக் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கையையே பார்க்காமல் ‘முப்பது சிட்டிங்’ என்று சொல்ல எப்படி முடிகிறது?

நல்ல பிசியோதெரபிஸ்டை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். முதல் நாளே கோணமானியை மணிக்கட்டில் வைத்து, மேலே எத்தனை டிகிரி, கீழே எத்தனை, திருப்பினால் எத்தனை என்று அளந்து எழுதுவார். இரண்டு வாரம் கழித்து மறுபடி அளப்பார். எண்ணிக்கை கூடாவிட்டால் காரணம் சொல்வார். பட்டப்படிப்பு படித்தவரா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்று மாத மசாஜ் கோர்ஸ் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது இது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து, தண்ணீருக்குள்ளேயே விரல்களை முழுக்க நீட்டி, பிறகு நுனி முட்டிகளை மட்டும் கொக்கிபோல் மடக்கி, பிறகு முழு முஷ்டி. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்துப் பத்துத் தடவை. மற்ற வேளைகளில் தண்ணீர் தேவையில்லை. அடுத்து, முன்கையை மேசைமேல் வைத்து மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு ஏற்றி இறக்க வேண்டும்.

கடினமானது திருப்புவதுதான். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவும், விபூதி வாங்கவும், கண்டக்டரிடம் சில்லறை வாங்கவும் உள்ளங்கை மேல்நோக்க வேண்டும். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, நீளமான குழம்புக் கரண்டியின் காம்பைப் பிடித்து, கரண்டி வலப்பக்கம் சாய மெதுவாகத் திருப்பி ஐந்து எண்ணும் வரை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையைக் கவனியுங்கள். அது இடுப்பை விட்டு விலகினால் திரும்புவது தோள்தான், கை இல்லை. முக்கால்வாசிப் பேர் இதில்தான் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். தோளுக்கும் மறக்காமல் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தலைவாரச் சொல்லுங்கள். மணிக்கட்டு சரியாகி, தோள் பிடித்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் நிறைய.

வலிக்குமா என்றால், வலிக்கும். பயிற்சி முடிந்து அரை மணி, ஒரு மணியில் அடங்கினால் சரி. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் முந்தின நாள் அதிகம் செய்துவிட்டார், குறையுங்கள். துண்டு பிழிவதை இரண்டொரு வாரம் கழித்து, டாக்டரைக் கேட்டுத் தொடங்கலாம். தண்ணீர்க் குடம் தூக்குவது, அம்மா கீழே விழுந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை வேண்டாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண விறைப்பில் அசைத்தால் வலிக்கும், சும்மா வைத்திருந்தால் வலிக்காது. சிலருக்கு அப்படி இல்லை. சும்மா இருக்கும்போதே கை எரியும். சேலைத் தலைப்பு பட்டாலே துடிப்பார்கள். அந்தக் கை மட்டும் சிவந்தோ நீலம் பாரித்தோ இருக்கும், தோல் மினுமினுக்கும், அந்தக் கையில் மட்டும் வியர்வை கூடும். ஒரு நேரம் சுடும், ஒரு நேரம் ஜில்லென்றிருக்கும். இது சோம்பேறித்தனமும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. நரம்பு மண்டலம் வலியைத் தாறுமாறாகப் பெருக்கிக் காட்டும் ஒரு கோளாறு. ‘வலித்தால் வலிக்கட்டும், மடக்கு’ என்று இவர்களிடம் வீரம் காட்டினால் கை இன்னும் இறுகிவிடும். இவர்களுக்குச் சிகிச்சையே வேறு. முதலில் பஞ்சு, பிறகு பருத்தித் துணி, பிறகு சொரசொரப்பான துண்டு என்று தோலைத் தொடுதலுக்குப் பழக்குவோம். இரண்டு கைக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அசைத்து அதன் பிம்பத்தைப் பார்க்க வைப்போம். நோயுற்ற கையே வலியில்லாமல் அசைவதாக மூளை பழகத் தொடங்கும். கூடவே மருந்தும் வேண்டும். அம்மாவின் வீக்கம் சாதாரணமானதாகத்தான் தெரிகிறது. ஆனாலும் இரண்டு கைகளையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் சொன்ன அடையாளங்களில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் வலியைக் கூட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு, அந்த வாரமே எலும்பு டாக்டரிடம் போங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து இதற்காகப் புதுச்சேரி ஜிப்மருக்கு விடியற்காலை பஸ் பிடித்து ஓட வேண்டியதில்லை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு டிஸ்சார்ஜ் சீட்டையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போனால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. நடமாட முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். தமிழக அரசுத் திட்டம் என்பதால் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் செல்லாது. இந்தப் பக்கம் உறவும் அந்தப் பக்கம் வீடுமாக இருப்பவர்களுக்கு இது ஒரு தீராத எரிச்சல்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருக்கிறது. இந்த வயதில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

முன்பணத்துக்கு வருகிறேன். ரசீது இருந்தால் காட்டித் திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம், அந்தத் தொகைக்கு உண்டான சிட்டிங்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் பட்டையைக் கழற்றச் சொல்லி, அந்த நேரம் முழுக்க அம்மாவின் கையை மடக்கவும் திருப்பவும் சொல்லித்தரச் சொல்லுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் கோணம் அளந்து எழுதி வாங்காமல் வராதீர்கள்.