தயிர்த்தேங்காய் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பொள்ளாச்சி அருகே எங்களுக்குச் சிறிய தென்னந்தோப்பு இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை சாமிக்கு உடைத்த காயில் தண்ணீர் இல்லை. உள்ளே கெட்டித் தயிர் போல வழவழவென்று ஏதோ நிறைந்திருந்தது. கெட்ட வாடை எதுவும் இல்லை. அத்தை அபசகுனம் என்று வாய்க்காலில் எறிந்துவிட்டார். சென்ற ஆண்டும் அதே மரத்துக் காய் ஒன்று இப்படி இருந்ததாம். மரத்தை வெட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இது நோயா? இளநீர் எப்படித்தான் தேங்காயாகிறது?

வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், மரத்தை வெட்ட விடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது தயிர்த்தேங்காய். பிலிப்பைன்ஸில் இதை மகபுனோ என்பார்கள். ஐஸ்கிரீமிலும் இனிப்புகளிலும் சேர்க்க நல்ல விலை கொடுத்து வாங்குவார்கள். நோயும் இல்லை, சகுனமும் இல்லை. பரம்பரையாக வரும் ஒரு மரபணு மாற்றம்.

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் முதல் கேள்விக்கும் விடை இருக்கிறது. பூக்கும் தாவரங்களில் மகரந்தம் இரண்டு ஆண் செல்களைக் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று தாயின் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, அந்தக் கருவுக்கு ஊட்டும் திசுவாகிறது. 1898இல் நவாஷின் என்ற ரஷ்ய அறிஞர் லில்லிப் பூவில் இதைக் கண்டார். நம் பாடநூல்கள் அந்தத் திசுவைக் கருவூண் என்கின்றன. தென்னையில் அதன் உட்கரு பிளந்துகொண்டே போகும். ஆனால் நடுவே செல்சுவர் எழும்பாது. சுவரில்லாமல் உட்கருக்கள் மிதக்கும் அந்த நீர்தான் இளநீர். ஆறு மாதம் போல ஆனதும் ஓட்டின் உட்புறத்தை ஒட்டிச் செல்சுவர்கள் எழத் தொடங்கும். இளநீர்க்காரர் வெட்டித் தரும் காயில் அடுத்த முறை பாருங்கள்: வழுக்கை கண்களுக்கு எதிர் முனையில் தடித்தும், கண் பக்கம் மெலிந்தும் இருக்கும். சுவர் எழும்பத் தொடங்கிய இடம் அந்த எதிர் முனை.

எப்போது சுவர் எழுப்புவது என்பதில் ஒரு விதையின் உயிரே இருக்கிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஏஜிஎல்62 என்ற மரபணு சுவர் எழாமல் தடுத்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் சுவர் முந்திக்கொள்ளும், விதை சாகும். அதை உரிய நேரத்தில் அடக்குவது வேறொரு மரபணுக் கூட்டம். அதில் ஒன்றின் பெயர் மெடியா. கிரேக்கக் கதையில் தன் பிள்ளைகளைக் கொன்ற தாயின் பெயர் அது. கருவூணில் அதன் தாய்வழிப் பிரதிதான் வேலை செய்கிறது. அது பழுதானால் உட்கருக்கள் பிளந்துகொண்டே போகும், சுவர் எழாது, கரு பட்டினியில் மடியும். தாய் கொடுத்த அடக்கம் இல்லாமல் பிள்ளை பிழைப்பதில்லை என்பதை முதன்முதலில் படித்தபோது அன்று முழுவதும் வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

தயிர்த்தேங்காயில் கோளாறு வேறு இடத்தில். சுவர் எழுகிறது, பக்குவப்படுவதில்லை. வெந்தயத்தை ஊற வைத்தால் விரலில் ஒட்டும் வழவழப்பு எது தெரியுமா? அது அந்த விதையின் கருவூண் சுவரிலேயே சேர்த்து வைத்த காலக்டோமன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலி. முளைக்கும்போது வெந்தயக் கரு அதைக் கரைத்துத்தான் உண்கிறது. அதற்குச் சுவரே சோறு. இளம் தேங்காயிலும் அதே வகைப் பொருள் இருக்கிறது. காய் முற்றும்போது ஆல்ஃபா-காலக்டோசிடேஸ் என்ற நொதி அதன் பக்கக் கிளைகளை நறுக்கிவிடும். கிளையிழந்த சங்கிலிகள் நெருங்கிப் படிந்து பருப்பு கெட்டியாகும். தயிர்த்தேங்காயில் அந்த நொதியின் செயல் இல்லை. பொருள் வழவழப்பாகவே நின்றுவிடுகிறது.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி, கருவுக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான். முளைத்த காய்க்குள் நாம் ஆசையாகத் தின்னும் தேங்காய்ப்பூ, அந்தக் கருவின் விதையிலை பஞ்சு போல ஊதிப் பருப்பைக் கரைத்துக் குடிக்கும் உறுப்பு. தயிர்த்தேங்காயில் சுற்றிலும் உணவு நிறைந்திருக்கும். கருவால் அதை உண்ண முடியாது. காய் முளைக்காமல் அழுகிவிடும். 1960களில் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் எமெரிட்டா டி குஸ்மான் என்ற பெண் அறிஞர் அந்தக் கருவைத் தனியே எடுத்து, ஆய்வகக் குடுவையில் ஊட்டம் கொடுத்து வளர்த்தார். குடுவையில் பிழைத்த கரு மரமாகிக் காய்க்கவும் செய்யும்.

உங்கள் மரத்தில் ஒன்றிரண்டு காய்கள் மட்டும் இப்படி ஆவதற்கும் காரணம் உண்டு. இந்தக் குணம் ஒடுங்கு வகையைச் சேர்ந்தது. தாய், மகரந்தம் இரண்டிலும் வந்தால்தான் வெளிப்படும். ஆகவே உங்கள் மரம் அதைச் சுமக்கிறது. பக்கத்தில் இன்னொரு மரமும் சுமக்கலாம்.

அந்த மரத்துக் காய்களைப் பறித்ததும் காதோரம் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். முற்றிய காயில் தண்ணீர் தளும்பும் ஓசை வராவிட்டால் உடைக்காமல் எடுத்து வையுங்கள். ஆழியார் நகரில், உங்களுக்கு அருகிலேயே, வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தென்னைக் கரு வளர்ப்பில் அனுபவமுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் காசர்கோட்டில் இருக்கிறது. காயோடு போய்க் கேளுங்கள். அத்தையையும் அழைத்துப் போனால் நல்லது.

அன்புடன்.