எலியில் மின்னியது அப்பாவின் மூளையில் மின்னாது

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. எட்டு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. சென்னையில் ஸ்டெம் செல் (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலம்) ஊசி போடலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். அந்தச் செல்களுக்குள் ஒளிரும் மரபணு வைத்திருப்பதால், அவை மூளையில் சரியான இடத்துக்குப் போனதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாமாம். நோபல் பரிசு பெற்ற முறையாம். எலி ஒன்று மின்னும் வீடியோவும் அனுப்பி, “சிவப்பு என்றால் நல்ல செல்” என்றார். 45 லட்சம் ரூபா கேட்கிறார், முற்பணம் 10 லட்சம். உரும்பிராய்க் காணியை ஈடு வைக்க யோசிக்கிறோம். நம்பலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: வேண்டாம் தங்கச்சி. காணியை ஈடு வைக்கவும் வேண்டாம், முற்பணம் கட்டவும் வேண்டாம். இதை முதலே சொல்லிவிடுகிறேன். நான் விளக்கி முடிப்பதற்குள் அந்த மனிதர் இன்னொரு கோல் எடுத்துவிடுவார்.

எலி வீடியோ பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கும் வேலை சுலபம்.

அதற்குள் இருப்பது ரிப்போட்டர் ஜீன், தமிழில் அறிவிப்பு மரபணு. (ஏ.எல். உயிரியல் படித்தவர்கள் பரம்பரையலகு என்று வாசித்துக்கொள்ளுங்கள்.) தோட்டக் கிணற்று மோட்டருக்கு வயர் இழுக்கும்போது சிலர் அதே சுவிட்ச்சில் ஒரு சின்னச் சிவப்பு பல்பையும் கொழுவி விடுவார்கள். கிணறு வளவின் கோடியில் இருந்தாலும், மோட்டருக்குக் கரண்ட் போகிறதா என்று குசினி யன்னலால் எட்டிப் பார்த்தால் தெரியும். ஆனால் பல்ப் தண்ணீர் இறைக்காது. உங்கள் முகவர் பல்பைக் காட்டி மோட்டருக்குக் காசு கேட்கிறார்.

ஒரு மரபணு எந்தக் கலத்தில் (செல்லில்), எப்போது வேலை செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதன் சுவிட்ச் பகுதியை எடுத்து, கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றைச் செய்யும் மரபணுவோடு ஆய்வாளர்கள் பொருத்துவார்கள். மின்மினிப்பூச்சியின் லூசிபெரேஸ் என்றால் ஒளி வரும். ஜெலி மீனின் புரதம் நீல ஒளி பட்டதும் பச்சையாகத் தெரியும். ஈ.கோலை பக்டீரியாவின் லாக்-இசட் என்றால், உரிய பொருளை ஊற்றக் கலம் நீலமாகிவிடும். ஆயிரக்கணக்கான இரசாயனங்களில் எது மருந்தாகக்கூடும் என்று தேடுவதற்கு இது பெரிய உதவி. தடுப்பூசி போட்டவரின் இரத்தம் கொரோனா வைரஸை மறிக்கிறதா என்று, நிசமான வைரஸைத் தொடாமலே, அறிவிப்பு மரபணு வைத்த போலி வைரஸால் பார்த்ததும் இப்படித்தான். நோபல் பரிசும் உண்மைதான். 2008இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் இரசாயனவியலில் கொடுத்தார்கள். அந்தப் பச்சைப் புரதத்துக்குத்தான், பாரிசவாத ஊசிக்கு அல்ல.

இனி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எலியின் மூக்கு ஒரு குழாய்க்குள் இருக்கிறது. அது மயக்க வாயு. எலிக்கு மயிர் இல்லை. மயிர் ஒளியை மறிக்கும் என்பதால் வழித்திருப்பார்கள், அல்லது மயிரில்லாத இன எலியை எடுத்திருப்பார்கள். படம் எடுக்க முன், லூசிபெரேஸ் ஒளிவிடத் தேவையான லூசிபெரின் என்ற பொருளை ஊசியால் ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் ஒன்றும் மின்னாது. அப்புறம் அந்தச் சிவப்பும் மஞ்சளும் எலியின் நிறமே இல்லை. இருட்டுப் பெட்டிக்குள் கமரா எண்ணிய ஒளியின் அளவுக்கு ஏற்பக் கம்பியூட்டர் பூசிய வர்ணம் அது. “சிவப்பு என்றால் நல்ல செல்” என்று முகவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மனிதருக்கு இது ஏன் சரிவராது? இன்றிரவு லைட்டை நிற்பாட்டிவிட்டு ஃபோன் டோர்ச்சை விரல் நுனிக்குக் கீழே பிடியுங்கள், சிவப்பாகத் தெரியும். தொடைக்குக் கீழே பிடியுங்கள், ஒன்றும் தெரியாது. அந்த டோர்ச்சின் வெளிச்சத்தோடு பார்த்தால் கலங்கள் விடும் ஒளி ஒன்றுமேயில்லை. அதிலும் அப்பாவின் மூளைக்கு மேலே மண்டையோடு இருக்கிறது.

முகவர் விபரமானவர் என்றால், “மனிதருக்கும் செய்திருக்கிறார்களே” என்று ஒரு கட்டுரையை நீட்டுவார். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில், மூளைப் புற்றுநோய்க்காரருக்குக் கொடுத்த நோயெதிர்ப்புக் கலங்களுக்குள் ஹேர்பீஸ் வைரஸின் ஒரு மரபணுவை வைத்து, கலங்கள் எங்கே போயின என்று தேடினார்கள். 2009இல் ஒருவரைப் பற்றி எழுதினார்கள், 2017இல் ஏழு பேரைப் பற்றி. அங்கேயும் எதுவும் மின்னவில்லை. கதிரியக்க மருந்து ஒன்றை ஏற்றுவார்கள், அந்த மரபணு உள்ள கலம் அதைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும், உடலுக்குள் கதிரியக்கம் எங்கே என்று காட்டும் பெட் ஸ்கானில் அது புள்ளியாகத் தெரியும். இன்னொன்று. அதே மரபணு இருந்தால் கான்சிக்ளோவிர் என்ற மருந்தைக் கொடுத்து அந்தக் கலங்களைக் கொல்லவும் முடியும். ஏதாவது பிழையாகப் போனால் நிற்பாட்ட ஒரு வழி. உங்கள் முகவரிடம் “பிழையாகப் போனால் எப்படி நிற்பாட்டுவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். எப்படியும் அது புற்றுநோய், வேறு வகைக் கலம், பரிசோதனைக் கட்டம். பாரிசவாதத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இந்த ஆட்களை எனக்குப் பழக்கம். சில வருடங்களுக்கு முன் என் மைத்துனர் ஒருவர் முழங்கால் நோவுக்கு இப்படித்தான் போய் வந்தார். “செல்கள் முழங்காலில் நிற்கின்றன” என்று ஒரு வர்ணப் படமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். படத்தின் கீழ் மூலையில் அளவுகோல் ஒன்று இருந்தது, அதன்படி முழங்கால் முழுவதும் இரண்டு சென்ரிமீற்றர். யாருடைய எலியோ! காசு திரும்பவில்லை. முறைப்பாடு செய்யப் போனால், “பணம் கட்டியது இந்தியாவில், நாங்கள் என்ன செய்ய?” என்றார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டியில், இரத்த நோய்களுக்கான என்பு மச்சை மாற்று போன்றவற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் ஆராய்ச்சிக் கட்டம்தான் என்று எழுதியிருக்கிறது. ஆராய்ச்சி என்றால் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) என்று தொடங்கி, வருடம், மாதம், பிறகு ஒரு எண் வரும். அதைக் கேளுங்கள். ஆராய்ச்சிக்கு உட்படுகிறவரிடம் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். இலக்கம் தந்தால் இணையத்தில் தேடலாம், ஆனால் எல்லாம் இங்கிலீஷ். நோயாளிக்காக என்று சொல்லிக்கொண்டு, நோயாளிக்கு விளங்காத மொழியில் எழுதி வைக்கிற இந்தக் கெட்டித்தனம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இங்கே நம் ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். விடிய ஐந்தரைக்கு நம்பர் எடுத்து, பத்து மணிக்கு உள்ளே போனால் இரண்டு நிமிடம். கிளினிக் கொப்பியில் எழுதியது எழுதியவருக்கே விளங்குமோ தெரியாது. முகவர் வீட்டுக்கு வந்து, பிளேன் டீ குடித்து, ஒரு மணித்தியாலம் தமிழில் கதைக்கிறார். சனம் யாரை நம்பும்?

சரி, செய்ய வேண்டியது. எந்த மரபணு, எந்த வழியால் கலத்துக்குள் வைத்தது, எந்த ஸ்கானில் பார்ப்பது, எல்லாவற்றையும் கடிதத் தாளில் எழுதிக் கையொப்பத்துடன் கேளுங்கள். போதனா வைத்தியசாலை நரம்பியல் கிளினிக்குக்கு அடுத்த முறை போகும்போது அந்தக் கடிதத்தைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள். கடிதம் வராது என்றுதான் நினைக்கிறேன். அப்பாவுக்குப் பிசியோதெரபி நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எட்டு மாதம்தானே, அதை நிற்பாட்டியிருந்தால் இந்தக் கிழமையே திரும்பத் தொடங்குங்கள். வீட்டுக்கு வந்து செய்கிறவருக்குக் கொடுக்கக் காணி ஈடு வைக்கத் தேவையில்லை.