கடமானுக்கு எந்தத் தோட்டா? எங்கே குறி வைப்பது?

பிரிக்பீல்ட்ஸ் வாசகரின் கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருக்கும் மைத்துனரோடு கடமான் வேட்டைக்குப் போகிறேன். அவரிடம் .308 வின்செஸ்டர் ரைஃபிள் இருக்கிறது. 150 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) தோட்டா வாங்குவதா, 180 கிரெயினா? மானின் உடம்பில் எங்கே சுடுவது?

தீபகற்ப மலேசியாவில் கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாட 2009-லிருந்து தடை இருக்கிறது. விக்டோரியாவில் உரிமத்தோடு ஆண்டு முழுவதும் பகலில் வேட்டையாடலாம். ஆனால் வேட்டை உரிமம், வெளிநாட்டவருக்கான துப்பாக்கி அனுமதி இரண்டும் கைக்கு வரும்வரை மைத்துனரின் ரைஃபிளைத் தொடாதீர்கள். கடமானுக்கு அங்கே சட்டப்படி குறைந்தது .270 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), 130 கிரெயின் குண்டு வேண்டும். உங்கள் .308 தாராளமாகத் தேறும்.

எடையைவிடக் குண்டின் கட்டுமானம்தான் முக்கியம். வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். தோல் தடிப்பு, தோள் எலும்பு கனம். மெல்லிய செப்பு உறை போட்ட சாதாரண 150 கிரெயின் குண்டு, 50 மீட்டரில் முழு வேகத்தோடு அந்த எலும்பில் மோதினால் சிதறிவிடும், நுரையீரலை எட்டாது. மான் காயத்தோடு ஓடி, எங்கோ நாள்கணக்கில் துடித்துச் சாகும். ஈயமும் உறையும் பிரியாதபடி ஒட்டவைத்த 165 அல்லது 180 கிரெயின் குண்டை வாங்குங்கள். முழுச் செம்புக் குண்டு என்றால் 150 கிரெயினே போதும். அது எடை இழக்காமல் ஆழமாகப் போகும். முழு உறை போட்ட ராணுவ வகைக் குண்டு வேண்டவே வேண்டாம். விரியாமல் ஊசித் துளை போட்டுவிட்டு வெளியேறிவிடும்.

பெட்டிகளை ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்கி, அதே தோட்டாவால் ஸ்கோப்பை (ரைஃபிள் மேல் இருக்கும் குறிநோக்கியை) சரிசெய்யுங்கள். 100 மீட்டரில் குறிக்கு 5 செ.மீ. மேலே பட்டால், 200 மீட்டரில் ஏறக்குறைய குறியிலேயே படும். புதர்க்காட்டில் பெரும்பாலும் அதைவிடக் கிட்டத்தில்தான் மான் நிற்கும்.

இனி குறி. மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்கோட்டைக் கண்ணால் மேலே தொடருங்கள். அடிவயிற்றுக் கோட்டிலிருந்து உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நிறுத்துங்கள். இதயத்தின் மேல்பகுதியும் நுரையீரலும் அங்கேதான். பலரும் ஒரு சாண் பின்னால் தள்ளிச் சுடுகிறார்கள். அது ஈரலிலோ இரைப்பையிலோ படும். மான் உங்களை விட்டுச் சாய்வாகத் திரும்பி நின்றால், மறுபக்க முன்னங்காலை நோக்கிக் குண்டு போகும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சரிவின் மேலிருந்து கீழே சுடும்போது சற்று மேலே குறிவையுங்கள். இல்லையென்றால் ஒரு நுரையீரல் தப்பிவிடும். தலைக்குச் சுடவே சுடாதீர்கள். மான் தலையசைத்தால் தாடை மட்டும் உடையும்; இரை எடுக்க முடியாமல் பட்டினியில் சாகும். நேர் எதிரே பார்த்து நின்றாலும் பின்புறம் காட்டி நின்றாலும் காத்திருங்கள். திரும்பவில்லையா, விட்டுவிடுங்கள்.

சுட்டதும் ஓடாதீர்கள். மான் நின்ற இடத்தில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரல் அடி. அரைமணி பொறுத்துத் தடம் பிடியுங்கள். கருஞ்சிவப்பு இரத்தம் ஈரலடி; ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சைக் கசிவு தெரிந்தால் குடலடி. நாலைந்து மணி நேரம் பொறுக்க வேண்டும். உடனே துரத்தினால் படுத்த மான் எழுந்து கிலோமீட்டர் கணக்கில் போய்விடும்.

திரும்பும் முன் சட்டைப்பை, பெட்டியின் மூலை, தொப்பி எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். உரிமமில்லாமல் ஒரு தோட்டா கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் அகப்பட்டாலும் மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டப்படி குற்றம்.